செண்டுமல்லியா, மக்காச்சோளமா? எந்தப் பூச்சிக்கு எது?

பூச்சியைச் சமாளிக்கக் காய்கறியோடு நடும் துணைப்பயிர் என்றதும் பலரும் செண்டுமல்லியைத்தான் சொல்கிறார்கள். எந்தக் காய்க்கு, எந்தப் பூச்சிக்கு என்று கேட்டுவிட்டு நடுவதுதான் சரி.

தக்காளியில் காய்ப்புழு தொல்லை என்றால் நான் செண்டுமல்லிக்குத்தான் ஓட்டுப் போடுவேன். தாய் அந்துப்பூச்சி அதன் மொட்டிலும் பூவிலும் விரும்பி முட்டையிடும். 16 வரிசை தக்காளிக்கு 1 வரிசை செண்டுமல்லி என்பது வழக்கமான பரிந்துரை. 40 நாள் செண்டுமல்லி நாற்றையும் 25 நாள் தக்காளி நாற்றையும் ஒரே நேரத்தில் நட்டால்தான் இரண்டும் சேர்ந்து பூக்கும். இந்தக் கணக்கை விட்டால் பலன் பாதியாகிவிடும். பூவை அவ்வப்போது பறித்துப் புழுக்களை அழிக்கவும் வேண்டும். இல்லையென்றால் நாமே புழு வளர்த்த மாதிரி ஆகிவிடும். செண்டுமல்லி நின்ற இடத்தில், வேரைத் தாக்கும் வேர்முடிச்சு நூற்புழு குறைவது கூடுதல் லாபம்.

மக்காச்சோளத்தின் வேலை வேறு. அது பூச்சியை இழுத்து வைப்பதில்லை, வழிமறிக்கிறது. மிளகாயைச் சுற்றி முன்கூட்டியே இரண்டு, மூன்று வரிசை விதைத்து உயர விட்டால், பறந்து வரும் அசுவினி முதலில் அதில் உட்கார்ந்து உறிஞ்சிப் பார்க்கும். வாயில் ஒட்டிவந்த தேமல் வைரஸ் அங்கேயே கழிந்துவிடும். வெண்டையில் இந்த அளவு பலனை எதிர்பார்க்க முடியாது. மஞ்சள் நரம்புத் தேமலைப் பரப்பும் வெள்ளை ஈயின் உடலுக்குள்ளேயே வைரஸ் தங்கிவிடுவதால், மக்காச்சோளத்தில் உட்கார்ந்து எழுந்தாலும் அது போகாது. வரும் ஈக்களின் எண்ணிக்கை கொஞ்சம் குறையலாம், அவ்வளவுதான்.

முட்டைக்கோஸுக்கு இந்த இரண்டையும் விடக் கடுகே மேல். வைரமுதுகு அந்துப்பூச்சி கடுகைத் தேடிப் போகும். கடுகு சீக்கிரம் முற்றிவிடும் என்பதால் ஒரு வரிசையை நடவுக்கு 15 நாள் முன்பும், அடுத்ததை நட்டு 25 நாள் கழித்தும் விதைப்பார்கள்.

செஞ்சிலந்தி என்கிற சிலந்திப்பேன் விஷயத்தில்தான் பலரும் ஏமாறுகிறார்கள். அது பூச்சியினமே இல்லை. எட்டுக்கால் பிராணி, இறக்கை கிடையாது. நூல் விட்டுக் காற்றில் மிதந்தும், நம் துணியில் ஒட்டியும் பரவும். பூ வாசனை அதை விரட்டாது. சொல்லப்போனால் கோடையில் செண்டுமல்லியிலேயே செஞ்சிலந்தி அடர்ந்து நூலாம்படை கட்டும். சித்திரை வெயிலில் வெண்டை, கத்தரி, பீன்ஸ் பக்கத்தில் செண்டுமல்லியை நான் வைக்க மாட்டேன். தட்டைப்பயறும் வேண்டாம், அதிலும் இந்தப் பேன் ஏறும்.

ஆனாலும் துணைப்பயிரால் இங்கே ஒரு மறைமுக நன்மை உண்டு. காய்ப்புழு குறைந்தால் சைபர்மெத்ரின் மாதிரியான மருந்துகளை அடிக்கும் தேவை குறையும். சிலந்திப்பேனைத் தின்னும் நல்ல பேன்களையும் சிறு வண்டுகளையும் கொன்று செஞ்சிலந்தியைப் பெருக விடுவது அந்த மருந்துகள்தான். அதனால் எதை நட்டாலும் வாரம் ஒருமுறை இலையைத் திருப்பி அடிப்பக்கம் பாருங்கள். வெளிறிய புள்ளிகள் தெரிந்தால் அந்த இலைகளைக் கிள்ளி அப்புறப்படுத்தி, தண்ணீரை இலையடியில் பீய்ச்சி அடியுங்கள்.