ஸ்ட்ராட்ல பிக்கப் மாத்தி மூணு வருஷம்: எது நின்னுச்சு, எது திரும்பிப் போச்சு

செகண்ட் ஹேண்ட்ல வாங்கின ஒரு ஸ்ட்ராட் காப்பி (ஃபெண்டரோட ஸ்ட்ராடோகாஸ்டர் எலக்ட்ரிக் கிட்டாரப் பாத்து செஞ்சது), அதுல இருந்த மூணு பிக்கப்பையும் (கம்பியோட அதிர்வை சிக்னலா மாத்துற காந்தமும் சுருளும்) கழட்டிட்டு செய்மோர் டங்கன் எஸ்எஸ்எல்-1 மூணை நானே வீட்ல உக்காந்து போட்டு இப்ப மூணு வருஷம் ஆச்சு. போட்ட முதல் வாரத்துல என்கிட்ட கேட்டிருந்தா யோசிக்காம வாங்குங்கன்னு சொல்லியிருப்பேன், கைக்காசு போட்டவன் வேற என்ன சொல்லுவான். இப்ப கேட்டா அவ்ளோ சீக்கிரம் பதில் வராது.

பழசுல என்ன பிரச்சனைன்னா, காதைக் குத்தும். விலை கம்மி கிட்டார்ல பெரும்பாலும் பிக்கப்ல கம்பிக்கு ஒண்ணா இருக்கற அந்த ஆறு போலும் (சின்ன உலோகக் குச்சி) வெறும் இரும்புதான், அடியில பட்டையா செராமிக் காந்தம் ஒட்டியிருக்கும். எஸ்எஸ்எல்-1ல அந்த ஆறு போலுமே காந்தம், அல்நிகோ 5ங்கற உலோகக் கலவை. மீட்டர் வச்சுப் பாத்தா பழசு 5.8 கிலோ ஓம், புதுசு 6.4, ஆனா சத்தம் பழசுதான் அதிகம். ஓம் நம்பர் பெருசா இருந்தா சத்தமும் பெருசுன்னு நம்பிட்டு இருந்தேன், அன்னிக்கே அது போச்சு.

வேலைக்கு வருவோம். சென்னை ரிச்சி ஸ்ட்ரீட்ல (எலக்ட்ரானிக்ஸ் கடைத் தெரு) ஒரு 25 வாட் சால்டரிங் அயர்ன், ஈயம், மல்டிமீட்டர் வாங்கினேன். ஸ்விட்ச்ல வயர் வைக்க அது போதும், ஆனா வால்யூம் பாட்டோட (சத்தத்தைத் திருகற குமிழுக்கு அடியில இருக்கற டப்பி) முதுகுல கிரவுண்ட் வயர் வைக்கப் போனா அந்தத் தகடு சூடு முழுக்க உறிஞ்சிக்குது, ஈயம் உருண்டையா நிக்குது, தொட்டா பொலக்குனு விழுது. நானும் விடாம அஞ்சாறு தடவ அழுத்திப் பிடிச்சதுல பாட் தீஞ்சு, திருப்பினா கரகரன்னு சத்தம். கீழ் வீட்ல டிவி ரிப்பேர் பண்ற அண்ணன் ஒருத்தர் பாத்துட்டு "ஏன் தம்பி அதை வறுத்துட்டு இருக்க, உப்புத்தாள் வச்சு ரெண்டு தேய் தேய்ச்சிட்டு பெரிய அயர்ன்ல வை, மூணு செகண்ட்ல புடிச்சிக்கும்"னு அவரோட 60 வாட் அயர்னக் குடுத்தாரு. அப்படியே புடிச்சிக்கிச்சு. கழட்டுறதுக்கு முன்னாடி ஒரு போட்டோ எடுத்து வச்சுக்கோங்க, கம்பி மாட்டுறதுக்கு முன்னாடியே ஆம்ப்ல (சத்தத்தைப் பெருக்கற ஸ்பீக்கர் பெட்டி) சொருகி ஒவ்வொரு போல்லயும் ஸ்க்ரூடிரைவர் முனையால தட்டிப் பாருங்க, டொக்குனு கேக்கணும். நான் தட்டாம மூடிட்டு ரெண்டு தடவ கம்பியக் கழட்டினேன்.

முதல் மாசம் சொர்க்கம். நெக் பிக்கப்ல (கழுத்துப் பக்கம் இருக்கறது) கார்டு அடிச்சா ஆறு கம்பியும் தனித்தனியா கேட்டுச்சு, இப்பவும் கேக்குது, அதுக்காகவே குடுத்த காசு தகும். ஆனா தடிச்ச ஈ கம்பியில 12வது ஃப்ரெட்டுக்கு (கழுத்துல குறுக்கே இருக்கற உலோகக் கட்டை) மேல போனா ஒரே நோட்டு ரெண்டா அலையற மாதிரி கேக்கும், இன்டொனேஷன் (மேல போகும்போதும் ஸ்ருதி சரியா நிக்கறதுக்கான செட்டிங்) எவ்ளோ திருகினாலும் நிக்காது. கம்பி உடம்புல வந்து நிக்கற பிரிட்ஜ் சரியில்லன்னு சண்டை போட்டுட்டு இருந்தேன், கடைசில பாத்தா பிக்கப்ப ரொம்ப மேல தூக்கி வச்சிருக்கேன், போலே காந்தமா இருக்கறதால கம்பிய ஆட விடாம இழுக்குது. ஃபெண்டர் கைடுல இந்த வகைக்கு கடைசி ஃப்ரெட்டை அமுக்கிட்டு கம்பிக்கும் போலுக்கும் நடுவுல அளந்தா தடிச்ச பக்கம் 2.4 மில்லிமீட்டர், மெலிசுப் பக்கம் 2ன்னு போட்டிருக்கும், நான் நெக்க 3.5 வரைக்கும் இறக்கினேன். அலைச்சல் போச்சு, சத்தம் கொஞ்சம் கம்மியாச்சு, ஆம்ப்ல ஏத்திக்கிட்டேன்.

பிரிட்ஜ் பக்கத்துல இருக்கற பிக்கப்தான் மனசுக்கு ஒட்டவே இல்ல. என் சின்ன ஆம்ப்ல டிஸ்டார்ஷன் போட்டா தகர டப்பா மாதிரி இருக்கும். வழக்கமான ஸ்ட்ராட் வயரிங்ல பிரிட்ஜுக்கு டோன் கண்ட்ரோலே கிடையாது, ஸ்விட்ச்ல ஒரு சின்ன வயர் இழுத்து நடு பிக்கப்போட டோன அதுக்கும் குடுத்தேன், ஓரளவுக்கு அடங்குச்சு. போன வருஷம் அந்த தீஞ்ச பாட்டை ஒருவழியா மாத்தத் திறந்தப்போ, சும்மா பாப்போமேன்னு பழைய செராமிக்கை பிரிட்ஜ்ல திரும்ப மாட்டி 3 மில்லிமீட்டர் தள்ளி வச்சேன். குத்தவே இல்ல! அப்பதான் ஞாபகம் வருது, கிட்டார் வாங்கும்போது அது கம்பியத் தொடாத குறையா மேல நின்னுச்சு, நானும் ஒருநாள்கூட அந்த ரெண்டு ஸ்க்ரூவைத் தொட்டுப் பாக்கல.

அதுலயும் ஒரு வம்பு. பிரிட்ஜும் நடுவும் சேர்ந்த ரெண்டாவது பொசிஷன்ல சத்தம் மூக்கடைச்சு, பாஸே இல்லாம வந்துச்சு, ஃபேஸ் தலைகீழ், அதாவது ரெண்டு சிக்னலும் எதிரெதிரா வந்து ஒண்ணையொண்ணு அழிக்குது. செராமிக்கோட ரெண்டு வயரையும் இடம் மாத்தினதும் சரியாச்சு, ஆனா ஹம் (கரண்ட்ல இருந்து வர்ற ம்ம்ம்-ங்கற இரைச்சல்) மட்டும் போகல. ரெண்டு பிக்கப்பையும் முகத்துக்கு முகம் காட்டினா ஒண்ணையொண்ணு தள்ளுது, அதாவது ரெண்டுலயும் காந்தம் ஒரே பக்கம், அப்படின்னா இந்த ஜோடி ஹம்மைக் கொல்லாது. எஸ்எஸ்எல்-1 செட்டா இருந்தப்போ நடுவுல இருந்தது ரிவர்ஸ் வகைங்கறதால (காந்தமும் சுருளும் ரெண்டுமே தலைகீழ்) ரெண்டாவது, நாலாவது (நெக்கும் நடுவும் சேர்ந்தது) ரெண்டு பொசிஷன்லயும் அமைதியா இருந்துச்சு, இப்ப நாலாவதுல மட்டும்தான். கரண்ட் போய் இன்வெர்ட்டர்ல ஓடும்போது மத்த பொசிஷன்லாம் தேனீக் கூடுதான், எங்களோடது ஸ்கொயர் வேவ் வகை (வழவழன்னு இல்லாம வெட்டு வெட்டா கரண்ட் குடுக்கும்), ஃபேன் ரெகுலேட்டர் வேற. அந்த நேரத்துல நாலாவதுலயே வாசிச்சுக்கறேன்.

கழட்டின எஸ்எஸ்எல்-1 பிரிட்ஜ் ஒரு ஸ்வீட் பாக்ஸ்ல கிடக்குது. உயரத்தை ஒழுங்கா வச்சு அதுக்கும் இன்னொரு வாய்ப்பு குடுக்கணும்னு இருக்கு, போன வாரம்தான் புதுக் கம்பி மாட்டினேன், அது துருப்பிடிக்கட்டும், அப்ப பாத்துக்கலாம்.