பெரிய காலிபர் பிஸ்டல்கள்: ரேஞ்சுக்கு எது, கரடிக் காட்டுக்கு எது?

"வார இறுதியில் ரேஞ்சில் (சுடும் பயிற்சித் திடலில்) சுடணும், கோடையில் அலாஸ்காவுக்கு சால்மன் பிடிக்கப் போகும்போது கூடவும் இருக்கணும்" என்று அமெரிக்கத் துப்பாக்கிக் கடையில் கேட்டால் கவுண்டரில் நாலு பிஸ்டல்கள் வந்து உட்காரும். 10 மி.மீ. ஆட்டோ என்கிற தோட்டாவைச் சுடும் கிளாக் 20, அதே தோட்டாவில் ஸ்மித் அண்ட் வெசன் எம் அண்ட் பி எம்2.0, கோல்ட் டெல்டா எலீட், கடைசியாக எல்லார் கையும் முதலில் நீளுகிற டெசர்ட் ஈகிள். .45 ஏசிபி தோட்டாவைச் சுடும் பிஸ்டல் ஏற்கெனவே வீட்டில் இருக்கிறவர்கள் அதுவே போதாதா என்றும் கேட்பார்கள்.

முடிவை முன்னாலேயே சொல்லிவிடுகிறோம். காட்டுக்கு 10 மி.மீ., அதிலும் எம் அண்ட் பி அல்லது கிளாக். ரேஞ்சில் நாள் முழுக்கச் சுட .45 அல்லது டெல்டா எலீட். டெசர்ட் ஈகிளை ரேஞ்சோடு நிறுத்திக்கொள்ளுங்கள். காரணம் குண்டின் பருமனில் இல்லை. முழு வேகத் தோட்டா போட்டுச் சுடும்போது இரண்டாவது தோட்டா சிக்காமல் சேம்பருக்குள் (தோட்டா வெடிக்கும் அறைக்குள்) போகிறதா, அந்தக் குண்டு சரியான இடத்தில் விழுகிறதா என்பதில்தான் எல்லாம் இருக்கிறது.

துப்பாக்கிக்கு முன்னால் தோட்டாவைப் பார்க்க வேண்டும், ஏனென்றால் இந்த இடத்தில்தான் நிறையப் பேர் ஏமாறுகிறார்கள். 10 மி.மீ. ஆட்டோ 1983இல் பிரென் டென் பிஸ்டலோடு வந்தபோது, நார்மா கம்பெனி செய்த தோட்டா 200 கிரெய்ன் (குண்டை எடைபோடும் அலகு) குண்டை நொடிக்கு 1200 அடி வேகத்தில் தள்ளியது. 1986 மயாமி துப்பாக்கிச் சண்டைக்குப் பிறகு எஃப்பிஐ இந்தக் காலிபரை எடுத்துக்கொண்டது. சுடும்போது கையில் விழும் உதை அதிகம் என்று தோட்டாவின் வெடிமருந்தைக் குறைத்தது. குறைத்த பிறகு மருந்து நிரப்பும் கூடு இவ்வளவு நீளம் எதற்கு என்று ஸ்மித் அண்ட் வெசனும் வின்செஸ்டரும் கூட்டையும் வெட்டிச் சுருக்கியதில் 1990இல் பிறந்ததுதான் .40 எஸ் அண்ட் டபிள்யூ. அந்தக் குறைத்த மருந்தின் வழக்கம் இன்றும் கடை அலமாரியில் தொடர்கிறது. ஃபெடரல் அமெரிக்கன் ஈகிள் 180 கிரெய்ன் பெட்டியில் போட்டிருப்பது நொடிக்கு 1030 அடி, அதாவது சுமார் 424 அடி-பவுண்டு ஆற்றல். பஃபலோ போர் கம்பெனியின் 220 கிரெய்ன் ஹார்டு காஸ்ட் (கடின ஈயக் குண்டு) பெட்டியில் இருப்பது 1200 அடி, சுமார் 704 அடி-பவுண்டு. இரண்டு பெட்டியின் மேலும் "10 மி.மீ. ஆட்டோ" என்றுதான் எழுதியிருக்கும். முதல் பெட்டியைக் கையில் வைத்துக்கொண்டு 10 மி.மீ. கரடியை நிறுத்தும் என்று நம்பினால், கையில் இருப்பது ஏறக்குறைய ஒரு .40தான்.

உதையை ஒப்பிட எளிய கணக்கு ஒன்று இருக்கிறது. குண்டின் கிரெய்னை வேகத்தால் பெருக்கி ஆயிரத்தால் வகுத்தால், போட்டியில் சுடுகிறவர்கள் பவர் ஃபேக்டர் என்று சொல்கிற எண் வரும். 230 கிரெய்ன், 850 அடி வேகம் உள்ள சாதாரண .45க்கு அது 195. அமெரிக்கன் ஈகிள் 10 மி.மீ.க்கு 185. பஃபலோ போர் 220க்கு 264. ஆகவே ரேஞ்சில் மென்மையான 10 மி.மீ. .45ஐவிடக் கொஞ்சம் குறைவாகவே உதைக்கும். காட்டுத் தோட்டாவை ஏற்றியதும் அது வேறு துப்பாக்கி ஆகிவிடும். ஐநூறு மென்மையான தோட்டா சுட்டுப் பழகிய கைக்கு முதல் ஹார்டு காஸ்ட் தோட்டா புதிதாகத்தான் இருக்கும்.

ஹார்டு காஸ்ட் ஏன்? ஆன்டிமனியும் வெள்ளீயமும் கலந்து கடினமாக வார்த்த ஈயக் குண்டு அது, மூக்கு தட்டையாக இருக்கும். மனிதரைக் கணக்கில் வைத்துச் செய்த, மூக்கில் குழி உள்ள ஹாலோ பாயின்ட் குண்டு சதையில் பட்டதும் மலர்ந்து சீக்கிரம் நின்றுவிடும். பழுப்புக் கரடிக்கோ குண்டு தோல், கொழுப்பு, தோள் தசை, எலும்பு எல்லாவற்றையும் தாண்டி உள்ளே போக வேண்டும். அதற்கு மலராத, கனமான குண்டு தேவை. .45இன் 230 கிரெய்ன் குண்டும் கனம்தான், ஆனால் 850 அடி வேகம் அதற்குப் பற்றாது. .45க்கு அனுமதிக்கப்பட்ட உச்ச அழுத்தம் சதுர அங்குலத்துக்கு 21,000 பவுண்டு, 10 மி.மீ.க்கு 37,500. அந்த இடைவெளியை வெறும் பருமனால் நிரப்ப முடியாது.

இனி துப்பாக்கிகள். கிளாக் 20க்கு நீண்ட நாளாக நல்ல பேர் உண்டு. கிரீன்லாந்தில் நாய் வண்டியில் ரோந்து போகிற டென்மார்க்கின் சிரியஸ் படையினர் துருவக் கரடிக்காக வைத்திருப்பது இதைத்தான். 117 மி.மீ. பேரல், 15 தோட்டா. மேகசின் (தோட்டா அடுக்கும் பெட்டி) இல்லாமல் சுமார் 785 கிராம், முழுக்க நிரப்பினால் 1.1 கிலோவைத் தாண்டும். நியூயார்க், நியூ ஜெர்சி போன்ற மாநிலங்களில் 10 தோட்டா மேகசினோடுதான் கிடைக்கும். இதன் கஷ்டம் பிடியில் ஆரம்பிக்கிறது. முன்னும் பின்னும் அகலமான பிடி. வாங்கும் முன், காலி என்று இரண்டு தடவை பார்த்துவிட்டு, பேரலும் முன்கையும் ஒரே கோட்டில் வரும்படி பிடித்து, ஆள்காட்டி விரலின் நடுச்சதை டிரிகரில் உட்காருகிறதா என்று பாருங்கள். விரல் நுனி மட்டும் தொட்டால், பலமான தோட்டா ஒவ்வொன்றும் கைக்குள் பிடியைத் திருகும், இரண்டாவது குண்டு பக்கவாட்டில் போகும். அப்படிப்பட்டவர்களுக்கு, பின்பக்கம் குறைத்துச் செய்த எஸ்எஃப் மாடலையோ, பின்தகடு மாற்றிக்கொள்ளும் நாலாம், ஐந்தாம் தலைமுறைகளையோ பார்ப்பது நல்லது.

கிளாக்கின் இன்னொரு சிக்கல் பேரலுக்குள் இருக்கிறது. அதன் ரைஃப்ளிங் (குண்டைச் சுழல வைக்கும் உள்வடிவம்) கூர்மையான வரிப்பள்ளங்கள் இல்லாத, பலகோண வடிவம். மேலுறை இல்லாத ஈயக் குண்டு போடாதீர்கள் என்று கம்பெனியே கையேட்டில் சொல்கிறது. ஈயம் படிந்தால் துளை குறுகும், துளை குறுகினால் அழுத்தம் ஏறும். ஆனால் காட்டுக்கு நாம் விரும்புவதோ ஹார்டு காஸ்ட் ஈயம்! வழி மூன்று. வரிப்பள்ளம் வெட்டிய வேறு கம்பெனி பேரலை மாட்டலாம். ஃபெடரலின் 200 கிரெய்ன் சாலிட் கோர் போல பாலிமர் பூசிய குண்டுக்கோ, முழுச் செம்புக் குண்டுக்கோ போகலாம். அல்லது துப்பாக்கியையே மாற்றலாம்.

மாற்றுவதென்றால் எம் அண்ட் பி எம்2.0. இதில் வழக்கமான வரிப்பள்ள ரைஃப்ளிங் என்பதால் இந்தத் தலைவலி கிடையாது. 4 அங்குலம், 4.6 அங்குலம் என இரண்டு பேரல் நீளங்கள், 15 தோட்டா, ரெட் டாட் (சிவப்புப் புள்ளி காட்டும் குறிபார்ப்பான்) பொருத்த வெட்டிய ஸ்லைடு (சுடும்போது பின்னால் போய்த் திரும்பும் மேல்பாகம்). பிடிக்கு நாலு அளவில் மாற்றுத் தகடுகள் வருகின்றன. பிடியின் சொரசொரப்பு மணல் காகிதம் மாதிரி இருக்கும். சட்டைக்குள் வைத்துச் சுமந்தால் தோலை உரசும். ஆனால் மீன் பிசுக்கும் மழையும் பட்ட கையில் வழுக்காமல் நிற்பது அந்தச் சொரசொரப்பால்தான். புதிதாக வாங்குகிறவருக்கு 4.6 அங்குலத்தைத்தான் சொல்வோம். கிளாக்கிடம் பழகிய கை என்றால் கிளாக்கோடு இருங்கள், தோட்டாவை மட்டும் பார்த்து வாங்குங்கள்.

டெல்டா எலீட் 1987இல் வந்தது. 1911 என்கிற பழைய .45 பிஸ்டலின் வடிவம், 5 அங்குல பேரல், எஃகுச் சட்டம், எடை 1 கிலோவை ஒட்டி. டிரிகர் நேராகப் பின்னால் வரும், இழுப்பு குறுகியது. 25 கஜத்தில் காகிதத்தின் மேல் குண்டுகளை நெருக்கமாக விழ வைக்க இந்த வரிசையில் இதுதான் சுகம். ஆனால் 1911 என்பது .45இன் 21,000 பவுண்டுக்காக வரைந்த துப்பாக்கி. ஆரம்பகால டெல்டாக்களில் ஸ்லைடு ஸ்டாப் துளைக்கு மேலே சட்டத்தின் மெல்லிய பட்டை வெடித்தது. பிறகு கோல்ட் அந்தத் துண்டையே எடுத்துவிட்டது. பழையது வாங்கினால் அந்த இடத்தை வெளிச்சத்தில் சாய்த்துப் பாருங்கள்.

முழு வேகத் தோட்டாவில் 1911இன் ஸ்லைடு மேகசினை முந்திவிடும். தோட்டாவை மேலே தள்ளும் ஸ்பிரிங் வேலையை முடிப்பதற்குள் ஸ்லைடு பின்னால் போய்த் திரும்பி வந்துவிட்டால், சேம்பர் காலியாகவே மூடிக்கொள்ளும். கடைசித் தோட்டாவுக்குப் பிறகு ஸ்லைடு திறந்து நிற்காமல் போவதும் இதே காரணத்தால்தான். ஸ்லைடைத் திரும்ப முன்னால் தள்ளும் ரீகாயில் ஸ்பிரிங்கைக் கனமாகப் போட்டால் தீரும் என்று 22, 24 பவுண்டு வரை போகிறார்கள். ஸ்லைடு அப்போது இன்னும் வேகமாக முன்னால் பாயும், சிக்கல் கூடத்தான் செய்யும். முதலில் மேகசின் ஸ்பிரிங்கை மாற்றுங்கள். அடுத்து, அடிப்பக்கம் தட்டையாக இருக்கும் ஃபயரிங் பின் ஸ்டாப் (சுடும் ஊசியைப் பிடித்து வைக்கும் தகடு) ஒன்றைத் துப்பாக்கி மெக்கானிக்கிடம் கொடுத்துப் பொருத்துங்கள். சுத்தியலைப் பின்னால் சாய்க்க ஸ்லைடு அதிகம் உழைக்க வேண்டி வரும், பின்னால் போகும் வேகம் அங்கேயே குறையும். சின்ன உதிரிதான், ஆனால் பலன் பெரிது.

டெசர்ட் ஈகிளுக்கு வருவோம். 6 அங்குல பேரல் மார்க் 19 வெறுமனே ஏறத்தாழ 2 கிலோ. .50 ஏஇ காலிபரில் 7 தோட்டா, .44 மேக்னம் காலிபரில் 8. .50 ஏஇயின் 300 கிரெய்ன் குண்டு 1475 அடி வேகத்தில் போனால் சுமார் 1450 அடி-பவுண்டு. எண்ணில் வேறு எதுவும் பக்கத்தில் வராது. .50 ஏஇ கூட்டின் அடிவிளிம்பை .44 மேக்னம் அளவுக்கே குறைத்திருப்பதால், பேரலையும் மேகசினையும் மாற்றினாலே ஒரே துப்பாக்கியில் இரண்டு காலிபரும் சுடலாம். சேம்பரைப் பின்னாலிருந்து மூடும் போல்ட்டைத் தொட வேண்டாம். அருமையான யோசனை.

உள்ளே வேலை நடப்பது ரைஃபிள் மாதிரி. சேம்பருக்குச் சற்று முன்னால் பேரலில் ஒரு சின்னத் துளை. அதன் வழியாக வாயு இறங்கி, பேரலுக்கு அடியில் முன்னால் ஓடி, பிஸ்டனைத் தள்ளுகிறது. ஸ்லைடு பின்னால் போகப் போக மூன்று பல் கொண்ட போல்ட் சுழன்று திறக்கிறது. அந்தத் துளைதான் இதன் உயிர்நாடி. மேலுறை இல்லாத ஈயக் குண்டு போட்டால் ஈயம் சீவப்பட்டு அதை அடைத்துவிடும். ஆகவே ஹார்டு காஸ்ட் இதற்கு ஆகவே ஆகாது. காட்டுக்கு இதை ஒதுக்க அந்த ஒன்றே போதும். மருந்து குறைந்த தோட்டாவும் ஆகாது, ஸ்லைடை முழுதாகத் தள்ள வாயு பற்றாது.

"டெசர்ட் ஈகிள் ஜாம் ஆகிறது" என்கிற புகாரில் பாதி பிடியால் வருவது. இதன் மேகசின் பிடிக்குள் கொஞ்சம் ஆடும்படி செய்யப்பட்டது. இடது கையைக் கிண்ணம் போல அடியில் கொடுத்துத் தாங்கினால், மேகசின் ஒரு இழை மேலே எழும்பும், தோட்டா போகும் கோணம் மாறும், மூக்கு சேம்பர் விளிம்பில் இடித்து நிற்கும். இடது கையைப் பக்கவாட்டில் சுற்றிப் பிடியுங்கள். மணிக்கட்டு தளர்ந்தால் இன்னொரு கூத்து: சூடான காலிக் கூடு நேராக நெற்றியை நோக்கி வரும். கண்ணாடியும், காதில் பஞ்சு பிளக்கும், அதன் மேல் காதை மூடும் மஃபும் போடாமல் இதைத் தொடவே கூடாது.

எதை வாங்கினாலும் கூட எடுத்துப்போகும் முன் ஒரு சோதனை வையுங்கள். 200 ரேஞ்ச் தோட்டா சுட்ட பிறகு, காட்டுக்கு வைத்திருக்கும் அதே பெட்டியிலிருந்து 50. இருக்கிற மேகசின் எல்லாவற்றையும் ஒரு முறையாவது முழுக்க நிரப்பிச் சுடுங்கள். பத்துத் தோட்டாவை வலது கையால் மட்டும், பத்தை இடது கையால் மட்டும். நிஜத்தில் ஒரு கையில் தூண்டிலோ ஊன்றுகோலோ இருக்கும். அந்த ஐம்பதில் ஒன்று சிக்கினாலும் காரணம் கண்டு சரிசெய்து மறுபடி ஐம்பது. காசு கரையும், ஹார்டு காஸ்ட் மலிவில்லை. ஆனால் இந்த ஐம்பதைச் சுடாமல் மிச்சம் பிடிக்கிற காசுக்கு அர்த்தமே இல்லை.

.40 தோட்டாவை 10 மி.மீ. பேரலில் போட்டுக் காசு மிச்சம் பிடிக்கும் பழக்கமும் வேண்டாம். கூடு 3.6 மி.மீ. குட்டை. சேம்பரின் முன்விளிம்பில் அது உட்காராது, காலிக் கூட்டை வெளியே இழுக்கும் எக்ஸ்ட்ராக்டர் கொக்கியில் தொங்கிக்கொண்டுதான் வெடிக்கும். மலிவாகச் சுட வேண்டுமென்றால் .40 பேரல் தனியாக வாங்குங்கள்.

சுமப்பதற்கு மார்பில் கட்டும் ஹோல்ஸ்டர்தான் (துப்பாக்கி உறை) சரி. ஆற்றில் இறங்கப் போடும் நீர்புகாக் கால்சட்டையும் முதுகுப்பையின் இடுப்புப் பட்டையும் போட்ட பிறகு இடுப்பில் இருக்கும் துப்பாக்கிக்குக் கை போகாது. கரடி ஸ்பிரே வாங்கி அதையும் கையெட்டும் இடத்தில் வையுங்கள். குறி தப்பினாலும் மேகமாகப் பரவும் என்பதால் பதறிய கைக்கு அதுதான் முதல் துணை. அதை விமானத்தில் எந்தப் பெட்டியிலும் கொண்டுபோக முடியாது, ஆங்கரேஜில் இறங்கிய பிறகு வாங்க வேண்டும். துப்பாக்கியைத் தோட்டா இறக்கி, பூட்டிய கெட்டிப் பெட்டியில் வைத்து, செக்-இன் கவுண்டரில் சொல்லி அனுப்பலாம். கனடா வழியாகக் காரில் போகிறவர்கள் கைத்துப்பாக்கியை வீட்டிலேயே விட்டுவிட வேண்டியதுதான். அலாஸ்காவில் தற்காப்புக்காகக் கரடியைச் சுட்டால் மாநில அதிகாரிகளுக்குத் தகவல் கொடுத்து, நகத்தோடு தோலையும் மண்டையோட்டையும் ஒப்படைக்க வேண்டும்.

இன்னொன்று. தினமும் இரவில் தோட்டாவை இறக்கிக் காலையில் ஏற்றுகிறவர்கள், அதே தோட்டாவைத் திரும்பத் திரும்பச் சேம்பருக்குள் விடாதீர்கள். ஒவ்வொரு முறையும் மூக்கு இடித்துக் குண்டு கூட்டுக்குள் கொஞ்சம் இறங்கும், உள்ளே இடம் குறைந்து அழுத்தம் ஏறும். பெட்டியிலிருந்து எடுத்த புதுத் தோட்டா ஒன்றைப் பக்கத்தில் நிறுத்திப் பாருங்கள். பழையது கண்ணுக்குத் தெரிகிற அளவு குட்டையாக இருந்தால் அதைச் சுடாமல் ஒதுக்கிவிடுங்கள்.