பட்டுப்புடவைக்கு அடியில் ஒரு ஃபிலிம்

இந்த முறை இங்கிலாந்தின் லெஸ்டரிலிருந்து மதுரைக்குப் போனது சித்திரைத் திருவிழாவுக்கு அல்ல, அப்பாவின் வயிற்றை ஸ்கேன் எடுக்க. ஆறு ஆண்டுகளுக்கு முன் அவருடைய வயிற்றுப் பெருந்தமனி, அதாவது இதயத்திலிருந்து வயிறு வழியே ரத்தம் கொண்டுபோகும் பெரிய குழாய், 6 செ.மீ. வரை வீங்கியிருந்தது. ஆண்களுக்கு 5.5-ஐத் தொட்டாலே அறுவை சிகிச்சைப் பேச்சு வந்துவிடும். வயிற்றைத் திறக்காமல் தொடை இடுக்கு வழியே ஸ்டென்ட் கிராஃப்ட் (வீங்கிய இடத்துக்குள் ரத்தம் ஓட ஒரு உள்குழாய்) வைத்தார்கள். நான்காம் நாள் திண்ணையில் உட்கார்ந்து பேப்பர் படித்தார். கைவேலை சுத்தம்.

என் கோபமெல்லாம் அதற்குப் பிறகு நடந்ததன் மேல்தான். கிராஃப்டைத் தாண்டி வீக்கத்துக்குள் ரத்தம் கசிகிறதா, கிராஃப்ட் இடம் நகர்ந்ததா என்று ஆயுள் முழுக்கப் பார்த்துவர வேண்டும். டிஸ்சார்ஜ் சம்மரியிலோ ‘ஒரு மாதம் கழித்து வரவும்’ என்ற ஒரே வரி. அப்பா போனார், அத்தோடு சரி. ‘வலியில்லையே, எதற்கு?’ என்பார். பௌதிக வாத்தியார் அல்லவா, ஐன்ஸ்டைனுக்கும் இதே வியாதிதான் என்று பெருமை வேறு! 1948-ல் அவருக்கு வீக்கத்தின் மேல் செலோஃபேன் சுற்றினார்கள். 1955-ல் அதுவே வெடித்துத்தான் இறந்தார் என்பதை நான்தான் நினைவூட்டினேன்.

ஸ்டென்ட்டா, வயிற்றைத் திறப்பதா என்று ஒப்பிட, பிரிட்டனில் 1,252 பேரை இரு பிரிவாக்கி நடத்திய ஈவார்-1 ஆய்வின் நீண்டகால முடிவு 2016-ல் வந்தது. முதல் ஆறு மாதம் ஸ்டென்ட் வைத்தவர்கள் பக்கமே லாபம். எட்டு ஆண்டு கழிந்ததும் கணக்கு திரும்பிவிட்டது: வயிற்றைத் திறந்து தைத்துக்கொண்டவர்களே கூடுதலாகப் பிழைத்திருந்தார்கள். ஸ்டென்ட்டுக்கு வெளியே பழைய வீக்கம் பிற்பாடு வெடித்தது ஒரு முக்கியக் காரணம். அப்பாவுக்கு இது ஏழாம் ஆண்டு.

ஸ்கேன் மையத்தைக் குறை சொல்ல மாட்டேன். காலை ஏழுக்கு டோக்கன், சிறுநீரகம் சரியா என்றறிய ரத்தத்தில் கிரியாட்டினின் பார்த்து, பதினொன்றுக்குள் மருந்து செலுத்திப் படம், மாலையில் அறிக்கை. இங்கிலாந்தில் இதற்கு வாரக்கணக்கில் காத்திருந்திருப்பேன். ஆனால் அங்கே 65 வயதாகும் ஆண்களுக்கு, வீக்கம் உண்டா என்று பார்க்க வரச்சொல்லிக் கடிதம் தானாக வீடு தேடி வரும்.

சிறு கசிவு இருந்தது. வீக்கம் வளர்ந்ததா என்றறியப் பழைய படம் வேண்டும். அறுவை சிகிச்சை செய்த மருத்துவமனையில் கோப்பு இல்லை என்று கைவிரித்துவிட்டார்கள். அம்மா எதுவும் பேசாமல் பீரோவைத் திறந்து, பட்டுப்புடவைக்கு அடியிலிருந்து ஃபிலிமை எடுத்துக் கொடுத்தார். டாக்டர் இரண்டையும் விளக்குப் பெட்டியில் மாட்டி அளந்தார். வீக்கம் வளரவில்லை, ஆறு மாதத்தில் மறுபடி பார்க்கலாம் என்றார்.

இரண்டையும் செல்பேசியில் படமெடுத்துக்கொண்டேன். அசல்கள் மறுபடி புடவைக்கு அடியில் போய்விட்டன.