டிரான்ஸ்பிளான்ட் இப்போதா, பிறகா? மைலோமா வந்த வீடுகளுக்கு ஓர் ஒப்பீடு

மல்டிபிள் மைலோமா, அதாவது எலும்பு மச்சையில் வரும் ஓர் இரத்தப் புற்று, என்று ரிப்போர்ட் வந்தவுடன் இந்தக் கேள்வி எழும்புவதில்லை. மூன்று நான்கு சுற்று மருந்து போய், புற்றுச் செல்கள் இரத்தத்தில் விடும் எம் புரதம் இறங்கி, இடுப்பு வலியும் தணிந்த பிறகுதான் எழும்பும். "டொக்டர் டிரான்ஸ்பிளான்ட் செய்யலாம் எண்டு சொல்றார். அப்பா இப்ப நல்லாத்தானே இருக்கிறார், பிறகு பார்ப்பமே?" வெள்ளவத்தையிலும் கொட்டாஞ்சேனையிலும் எத்தனையோ பிள்ளைகள் இப்படிக் கேட்கிறார்கள். நியாயமான கேள்விதான். பெரிய ஆய்வுகள் சில இதற்கு விடை தேடித்தான் நடந்தன.

முதலில் ஒரு விளக்கம். இங்கே பேசுவது நோயாளியின் சொந்த ஸ்டெம் செல்லை, அதாவது இரத்தத்தை உண்டாக்கும் மூலச் செல்லை, பற்றி. சகோதரர்கள் யாரும் தானம் கொடுக்கத் தேவையில்லை. செல்லை முன்கூட்டியே இரத்தத்திலிருந்து எடுத்து வைப்பார்கள். பிறகு மெல்ஃபலான் என்ற மருந்தை மிகப் பெரிய அளவில் ஏற்றுவார்கள். புற்றை அடிப்பது அந்த மருந்துதான். அது எலும்பு மச்சையையும் சேர்த்து அழித்துவிடும் என்பதால், எடுத்து வைத்த செல்லைத் திருப்பி ஏற்றி மச்சையை மீட்கிறார்கள்.

இரண்டு வழிக்கும் தொடக்கம் ஒன்றே: போர்ட்டெசோமிப், லெனலிடோமைட், டெக்சாமெதசோன். இந்த மூன்றோடு உடனே டிரான்ஸ்பிளான்ட் செய்தவர்களையும், மருந்தை மட்டும் தொடர்ந்தவர்களையும் பிரான்ஸ் தலைமையிலான ஆய்வு ஒன்று ஒப்பிட்டது. 700 பேர், முடிவு வெளியானது 2017இல். நோய் திரும்பாமல் இருந்த காலம், டிரான்ஸ்பிளான்ட் செய்தவர்களில் 50 மாதம், மற்றவர்களில் 36 மாதம். அமெரிக்காவில் 722 பேரோடு நடந்த டிடர்மினேஷன் ஆய்வு 2022இல் வந்தது. அதில் டிரான்ஸ்பிளான்ட் செய்தவர்களில் 67.5 மாதம், மற்றவர்களில் 46.2 மாதம். அங்கே நோய் திரும்பும்வரை லெனலிடோமைட்டை நிறுத்தவில்லை. பிரெஞ்சு ஆய்வில் ஒரு வருடம்தான் கொடுத்தார்கள்.

ஆனால் உயிரோடு இருந்தவர்களின் கணக்கு இரண்டு பக்கமும் ஏறத்தாழ ஒன்றுதான்: டிடர்மினேஷனில் ஐந்து வருட முடிவில் 80.7 சதவீதம், 79.2 சதவீதம். "அப்படியென்றால் எதற்கு இந்த அவஸ்தை?" என்று பலரும் நிறுத்திக்கொள்வது இந்த இடத்தில்தான். நான் இன்னும் கொஞ்சம் வாசிக்கச் சொல்வேன். பிரெஞ்சு ஆய்வில் மருந்து மட்டும் எடுத்து, பிறகு நோய் அறிகுறிகளோடு திரும்பியவர்களில் 79 சதவீதம் பேர் அப்போது டிரான்ஸ்பிளான்ட் செய்துகொண்டார்கள். அதாவது, 'பிறகு' என்றது உண்மையாகவே நடந்தது. அமெரிக்க ஆய்வில், மருந்து மட்டும் எடுத்து, பிறகு வேறு சிகிச்சைக்கு மாறியவர்களில் 28 சதவீதம் பேரே அதைச் செய்தார்கள். அங்கே இரண்டாம் கட்டத்துக்கு டாராட்டுமுமாப், கார்ஃபில்சோமிப், போமலிடோமைட் என்று வரிசையாக மருந்து கைவசம் இருந்தது.

கொழும்புக் குடும்பத்துக்கு முக்கியமான வேறுபாடு இதுதான். கிருலப்பனையில் 138 பஸ் ஏறி மகரகம அபேக்ஷா ஆஸ்பத்திரி கிளினிக்குக்குப் போகிறவர் அரசாங்கத்தின் இலவச மருத்துவத்தை நம்பி இருக்கிறார். நோய் திரும்பும் நாளில் அந்த விலையுயர்ந்த மருந்துகளை மாதாமாதம் கைக்காசில் வாங்க முடியுமா என்று கேட்டால், எனக்குத் தெரிந்த வீடுகளில் பெரும்பாலானவற்றின் பதில் இல்லை என்பதே. ஆகவே 65க்குக் குறைந்த, இதயமும் நுரையீரலும் நன்றாக உள்ள ஒருவருக்கு இப்போதே செய்வதுதான் நல்லது என்பது என் கருத்து. இரண்டு ஆய்வுகளும் 65 வயது வரையானவர்களைத்தான் சேர்த்தன என்பதையும் நினைவில் வையுங்கள். மரபணுப் பரிசோதனையில் 17பி இழப்பு (புற்றுச் செல்லில் 17ஆவது குரோமோசோமின் ஒரு பகுதி இல்லாமல் போவது) போன்ற ஆபத்தான மாற்றம் இருந்தால் இன்னும் அழுத்திச் சொல்வேன். டிடர்மினேஷனில் அப்படியானவர்களில் டிரான்ஸ்பிளான்ட் செய்தவர்களுக்கு நோய் அடங்கியிருந்தது 55.5 மாதம், செய்யாதவர்களுக்கு 17.1 மாதம்தான்.

இதற்கு விலை உண்டு, மறைக்கக் கூடாது. அதே ஆய்வில் டிரான்ஸ்பிளான்ட் பிரிவில் 10 பேருக்குப் பிற்பாடு வேறு இரத்தப் புற்றோ அதற்கு முந்தைய நிலையோ வந்தது. மற்றப் பிரிவில் ஒருவருக்கும் வரவில்லை. ஆஸ்பத்திரியில் இரண்டு மூன்று வாரம் படுக்க வேண்டும். முடி கொட்டும், வாய் புண்ணாகிச் சோறு இறங்காது. மெல்ஃபலான் ஏறும்போது ஐஸ் துண்டை வாயிலேயே வைத்திருக்கச் சொல்வார்கள். குளிரில் வாயின் இரத்தக் குழாய்கள் சுருங்குவதால் மருந்து அங்கே குறைவாகவே போகும். பல் கூசினாலும் விடாமல் உறிஞ்ச வேண்டும். புண் உண்மையாகவே குறையும்.

2025இல் வந்த மிடாஸ் என்ற பிரெஞ்சு ஆய்வைக் காட்டி, இனி டிரான்ஸ்பிளான்ட் தேவையில்லை என்று சிலர் சொல்கிறார்கள். அதில் முதல் சிகிச்சைக்குப் பிறகு மிக நுண்ணிய பரிசோதனையிலும் புற்று தெரியாதவர்களுக்கு, டிரான்ஸ்பிளான்ட் பெரிய மேலதிகப் பலன் எதையும் காட்டவில்லை. நம்பிக்கை தரும் செய்திதான். ஆனால் அவர்கள் பெற்றது இசாடுக்சிமாப், கார்ஃபில்சோமிப் சேர்ந்த நான்கு மருந்துக் கூட்டு. வெறும் மூன்று மருந்தில் இருப்பவர் அந்த முடிவைத் தனக்கு எடுத்துக்கொள்ள முடியாது.

பிள்ளையின் கல்யாணம், வேலை, பயம், எந்தக் காரணத்தாலும் 'பிறகு' என்றுதான் முடிவு வந்தால், சரி. அப்போதும் ஸ்டெம் செல்லை இப்போதே எடுத்து உறைய வைக்க வழி உண்டா என்று டொக்டரிடம் கேளுங்கள். லெனலிடோமைட் பல மாதம் போன பிறகு செல் போதிய அளவு திரளாமல் போகலாம். அதனால் நாலைந்து சுற்றுக்குள் இந்தப் பேச்சை எடுத்துவிடுங்கள்.