உயர் மின்னழுத்த மாட்யூலை ஆள எது நல்லது: பிடபிள்யூஎம்மா, டிஜிட்டல் பாட்டா, டிஏசியா?

மங்கலான ஒளியைப் பெருக்கி அளக்கும் ஃபோட்டோமல்டிப்ளையர் குழாய், கதிர்வீச்சை எண்ணும் கைகர் குழாய் போன்றவற்றுக்கு வாங்கும் 1000 வோல்ட் மாட்யூல்கள் பலவற்றில் ஒரு கட்டுப்பாட்டு முனை இருக்கும். அதில் 0 முதல் 5 வோல்ட் வரை கொடுத்தால் வெளியே 0 முதல் 1000 வோல்ட் வரை வரும். 200 மடங்கு என்பதால் அந்த முனைக்குப் போகும் கம்பியில் 1 மில்லிவோல்ட் பிசகினால் வெளியே 0.2 வோல்ட் பிசகும். அந்தக் கம்பியை மைக்ரோகன்ட்ரோலரிடம் எப்படி ஒப்படைப்பது என்பதுதான் இங்கே கேள்வி.

எத்தனை பிட் வேண்டும் என்று யோசிப்பதற்கு முன் இன்னொன்றை யோசிக்க வேண்டும். மைக்ரோகன்ட்ரோலர் ரீசெட்டில் இருக்கும்போது அந்தக் கம்பியில் எவ்வளவு வோல்ட் நிற்கிறது? அர்டுயினோ ஊனோவில் சீரியல் மானிட்டரைத் திறந்தாலே போர்டு ரீசெட் ஆகும். பூட்லோடர் முடிந்து நிரல் ஓடத் தொடங்கும் வரை பின்கள் அந்தரத்தில் தொங்கும். அந்த இடைவெளியில் வெளியே என்ன வரும் என்பது சுற்றின் கையில் இருக்கிறது, நிரலின் கையில் இல்லை. கீழே உள்ள ஒவ்வொரு வழியையும் முதலில் இந்த அளவுகோலால் பாருங்கள்.

அடுத்தது சுமையின் தேவை. எஸ்பிஎம்-20 கைகர் குழாயை 400 வோல்ட்டில் ஓட்டுவது வழக்கம். 350 முதல் 475 வரை அதன் சமதளம், அதாவது எண்ணிக்கை அதிகம் மாறாத பகுதி, நீள்கிறது. அதற்குள் 5 வோல்ட் ஆடினாலும் எண்ணிக்கை அரை சதவீதம்தான் மாறும். ஃபோட்டோமல்டிப்ளையர் அப்படிப் பொறுத்துக்கொள்ளாது. அதன் பெருக்கம் மின்னழுத்தத்தின் ஏறக்குறைய 7ஆம் அடுக்கில் ஏறுவதால், 1 சதவீத வோல்ட் பிசகு 7 சதவீதப் பெருக்கப் பிசகாகிவிடும்.

பிடபிள்யூஎம்மும் ஒரு வடிகட்டியும்

செலவே இல்லாத வழி இது: பின்னை வேகமாக ஏற்றி இறக்கி (இதுதான் பிடபிள்யூஎம்), வடிகட்டியால் அதைச் சராசரி வோல்ட்டாக்குவது. ஆனால் ஊனோவில் அனலாக்ரைட் கட்டளையை அப்படியே பயன்படுத்தி, 10 கிலோ ஓம், 1 மைக்ரோ ஃபாரட் வடிகட்டி போட்டால் என்ன ஆகும்? 9ஆம் பின்னின் இயல்பு அதிர்வெண் 490 ஹெர்ட்ஸ். பாதி டியூட்டியில் (பின் பாதி நேரம் உயர் நிலையில் இருக்கும்போது) சிற்றலை, அதாவது வடிகட்டிய பின்னும் எஞ்சும் ஆட்டம், கால் வோல்ட் அளவுக்கு இருக்கும். மாட்யூல் அதை அப்படியே பின்தொடர்ந்தால் வெளியே 50 வோல்ட் ஆட்டம்.

டைமர்-1ஐ 10 பிட் வேக பிடபிள்யூஎம்முக்கு மாற்றினால் அதிர்வெண் 15.6 கிலோ ஹெர்ட்ஸ் ஆகும். அதே வடிகட்டியில் சிற்றலை 8 மில்லிவோல்ட்டாகக் குறையும். பின்னால் 100 கிலோ ஓம், 0.1 மைக்ரோ ஃபாரட் என்று இரண்டாம் கட்டம் சேர்த்தால் சிற்றலை அளவில் தெரியாத அளவுக்குப் போய்விடும். விலை: ஒவ்வொரு மாற்றமும் நிலைக்கு வர 100 மில்லி விநாடி. உயர் மின்னழுத்தத்தை எப்படியும் மெதுவாகத்தான் ஏற்ற வேண்டும் என்பதால் இது பெரிய குறையல்ல. 100 கிலோ ஓமுக்குப் பின் மாட்யூலை நேரே மாட்டாதீர்கள். அதன் உள்தடை மின்னழுத்தத்தை இழுத்துவிடும். இடையில் ஒரு ஆப்-ஆம்ப் பஃபர் வேண்டும்.

ரீசெட் நிலைக்கு, பின்னுக்கும் கிரவுண்டுக்கும் நடுவே 10 கிலோ ஓம் போடுங்கள். அது வடிகட்டிக்கு முன்னால் இருக்க வேண்டும். பின்னால் போட்டால் மின்னழுத்தத்தைப் பங்கிட்டுவிடும்.

உண்மையான பலவீனம் வேறிடத்தில் இருக்கிறது. பிடபிள்யூஎம்மின் உயரமே போர்டின் 5 வோல்ட்தான். யூஎஸ்பி கேபிளில் அது 4.8 ஆனால் 800 வோல்ட் 768 ஆகும். ஃபோட்டோமல்டிப்ளையரின் பெருக்கத்தில் கால் பங்கு காணாமல் போகும்.

டிஜிட்டல் பாட்

கையால் திருகும் பாட்டுக்கு (மாறு மின்தடைக்கு) பதிலாக, நிரலால் நகரும் இந்தச் சிப்பை வைப்பது எளிது, ஆனால் பரிந்துரைக்க மாட்டோம். எக்ஸ்9சி103இல் 100 படிகள்தான், ஒரு படிக்கு 10 வோல்ட். எம்சிபி41010இல் 256 படிகள், ஒரு படிக்குக் கிட்டத்தட்ட 4 வோல்ட். அதுவும் மின்சாரம் வந்ததும் நடுவில் போய் நிற்கும், அதாவது 500 வோல்ட். கைகர் குழாய்க்குக்கூட முதல் இரண்டு விநாடியில் இப்படி ஒரு அடி தேவையில்லை.

டிஏசி: இரண்டு சிப், இரண்டு குணம்

டிஏசி என்பது எண்ணை மின்னழுத்தமாக மாற்றும் சிப். கடைகளில் சிறு போர்டாக எளிதாகக் கிடைப்பது எம்சிபி4725. 12 பிட், ஐ2சி, இரண்டே கம்பி. ஒரு படி வெளியே கால் வோல்ட்தான். ஆனால் இரண்டு விஷயம் தெரியாமல் மாட்டக்கூடாது. ஒன்று, இதன் ஒப்பு மின்னழுத்தமும் சப்ளைதான். பிடபிள்யூஎம்மில் சொன்ன அதே 4.8 வோல்ட் கதை இங்கும் உண்டு. இரண்டு, சிப்புக்குள் ஒரு ஈப்ராம் (மின்சாரம் போனாலும் மதிப்பை மறக்காத நினைவகம்) இருக்கிறது. மின்சாரம் வந்ததும் அதிலுள்ள மதிப்பு வெளியே வரும், தொழிற்சாலையிலிருந்து வரும்போது அது நடு மதிப்பு. எனவே மாட்யூலை இணைப்பதற்கு முன் ஈப்ராமில் ஒரே ஒரு முறை 0 எழுதிவிட்டு, மீட்டர் வைத்து உறுதி செய்யுங்கள். அதன் பின் நிரலில் ஈப்ராமில் எழுதும் கட்டளையே இருக்கக்கூடாது. லைப்ரரியில் மதிப்பை அனுப்பும் கட்டளையின் இரண்டாவது அளபுருவை 'ட்ரூ' என்று விட்டால் ஒவ்வொரு மாற்றமும் ஈப்ராமைத் தேய்க்கும்.

எங்கள் தேர்வு எம்சிபி4822. எஸ்பிஐ, 12 பிட், 8 கால் டிஐபி வடிவிலும் வருவதால் பிரெட்போர்டிலேயே குத்தலாம். உள்ளேயே 2.048 வோல்ட் ஒப்பு மின்னழுத்தம் உண்டு. இரட்டைப் பெருக்கத்தில் 4.096 வோல்ட், ஒரு படிக்குச் சரியாக 1 மில்லிவோல்ட். யூஎஸ்பி கொஞ்சம் ஆடினாலும் வெளியீடு ஆடாது. வெப்பத்தால் வரும் நகர்வு டிகிரிக்கு 50 பிபிஎம் அளவு. 10 டிகிரி ஏறினால் 800 வோல்ட்டில் 0.4 வோல்ட். மின்சாரம் வந்ததும், முதல் கட்டளை வரும் வரை வெளியீடு துண்டித்தே இருக்கும். வெளியீட்டில் 10 கிலோ ஓமைக் கிரவுண்டுக்குப் போட்டால் அது 0தான். அதோடு 4.096க்கு மேல் தரவே முடியாததால், நிரலில் என்ன பிழை இருந்தாலும் மாட்யூல் 819 வோல்ட்டைத் தாண்டாது. இந்த வேலிக்காகவே இதை எடுக்கலாம்.

அடிக்கடி நடக்கும் தவறு: அனுப்பும் 16 பிட்டில் முதல் நான்கும் 0001 என்று இருக்க வேண்டும். 0011 அனுப்பினால் பெருக்கம் ஒற்றையாகி, எதிர்பார்த்ததில் பாதிதான் வரும்.

மைக்ரோகன்ட்ரோலரே சுவிட்ச் செய்வது

மாட்யூலே வேண்டாம், காயிலையும் மாஸ்ஃபெட்டையும் நேரே ஓட்டுகிறேன் என்பவர்கள் உண்டு. கைகர் கருவிக்கு மலிவான, நல்ல வழி. ஆனால் நிரல் உறைந்து பின் உயர் நிலையில் நின்றால் காயில் தெவிட்டி, மாஸ்ஃபெட் எரியும். பின்னை 100 நானோ ஃபாரட் வழியாக கேட்டில் இணைத்து, கேட்டிலிருந்து சோர்ஸுக்கு 10 கிலோ ஓமும், எதிர்த்திசை டையோடும் போட்டால், துடிப்பு நின்ற சில மில்லி விநாடியில் மாஸ்ஃபெட் தானாக அணையும். சுமையில்லாதபோது மின்னழுத்தம் ஏறிக்கொண்டே போகும் என்பதால் பின்னூட்டம் இல்லாமல் இதைத் தொடவே கூடாது.

பின்னூட்டம்

எந்த வழியை எடுத்தாலும் வெளியீட்டை அளந்தே ஆக வேண்டும். 10 மெகா ஓம் ரெசிஸ்டர்கள் பத்தைத் தொடராகப் போடுங்கள். ஒன்றுக்கு 100 வோல்ட். ஒரே 100 மெகா ஓம் சாதாரண ரெசிஸ்டர் தாங்காது, கால் வாட் ரெசிஸ்டரின் மின்னழுத்த வரம்பு வழக்கமாக 250 வோல்ட்தான். அடியில் 390 கிலோ ஓம் இரண்டை இணையாகப் போட்டால் 1000 வோல்ட்டுக்கு 1.946 வோல்ட் கிடைக்கும். அதை எம்சிபி6002 ஆப்-ஆம்ப் பஃபர் வழியாக ஏடிஎஸ்1115 என்ற ஏடிசிக்கு (மின்னழுத்தத்தை எண்ணாக்கும் சிப்) கொடுங்கள். பஃபர் இல்லாவிட்டால் ஏடிசியின் உள்தடை சில சதவீதத்தைத் தின்றுவிடும்.

இரண்டை ஏன் இணையாக? ஒன்று அறுந்தால் அளவு இரட்டிப்பாகத் தெரியும், நிரல் மின்னழுத்தத்தைக் குறைக்கும். பிழை பாதுகாப்பான பக்கம் சாயும். மேலுள்ள பத்தில் ஒன்று அறுந்தால் நிலைமை தலைகீழ்: அளவு 0 என்று தெரியும், நிரல் மின்னழுத்தத்தை உச்சத்துக்குத் தள்ளும். ஆகவே திருத்தத்தின் அளவை அமைத்த மதிப்பில் ±2 சதவீதத்துக்குள் கட்டிவைத்து, அதைத் தாண்டினால் 0 ஆக்கி நிறுத்தும்படி எழுதுங்கள்.

திரையில் காட்ட வேண்டியது அமைத்த மதிப்பை அல்ல, அளந்த மதிப்பை. வெளியீட்டில் 100 நானோ ஃபாரட் இருந்து, அதை வடிக்க இந்த 100 மெகா ஓம் சங்கிலி மட்டும் இருந்தால், நிரல் 0 சொன்ன பிறகும் 1000 வோல்ட் 50 ஆக இறங்க அரை நிமிடம் ஆகும். அளவு 50க்குக் கீழே வரும் வரை சிவப்பு எல்இடி எரிந்துகொண்டிருக்கட்டும்.