சிமுலேஷனை எதனோடு ஒப்பிடுவது: கூடத்தோடா, கூரையோடா?

வைஃபை சிமுலேஷனின், அதாவது கணினிக்குள்ளேயே வலையமைப்பைப் பாவனை செய்வதன், முடிவு சரிதானா என்று பார்க்க நிஜ ரேடியோக்களின் அளவீடு வேண்டும். எந்த அளவீடு என்பதில்தான் வழக்கு. எதிரெதிர்த் துருவங்களாக இரண்டைச் சொல்லலாம்: ரட்கர்ஸ் பல்கலைக்கழகத்தின் ஆர்பிட் சோதனைக்களம், எம்ஐடியின் ரூஃப்நெட்.

ஆர்பிட்டில் ஒரே கூடத்துக்குள், 20-க்கு 20 கட்டத்தில், ஒரு மீட்டர் இடைவெளியில் 400 ரேடியோ கணுக்கள். இன்று ஓட்டிய சோதனையை அடுத்த மாதமும் ஏறக்குறைய அப்படியே ஓட்டலாம். ஆனால் அவ்வளவு நெருக்கத்தில் எல்லாருடைய சிக்னலும் எல்லாருக்கும் கேட்கும். பாக்கெட் (தரவின் சிறு துண்டு) பல கை மாறிப் போகும் வலையமைப்பு வேண்டுமென்றால், செயற்கை இரைச்சலைச் செலுத்தித் தூரம் இருப்பதுபோல் காட்ட வேண்டும். ஒரு பாவனையைச் சரிபார்க்க இன்னொரு பாவனை!

ரூஃப்நெட் இருந்தது மாசசூசெட்ஸ் மாநிலத்தின் கேம்பிரிட்ஜ் நகரில், குடியிருப்புகளின் மொட்டைமாடிகளில். 2004-இல் வெளியான ஆய்வில் 38 ரேடியோக்கள், 802.11பி என்ற பழைய வைஃபை தரம். 'எட்டும்', 'எட்டாது' என்று பிரிக்கும் கோடே அங்கு அகப்படவில்லை. பெரும்பாலான இணைப்புகள் நடுவாந்தரமாக இருந்தன. பாக்கெட்டுகளில் ஒரு பங்கு சேரும், மீதி தொலையும். சிக்னல் வலிமையை வைத்தும் பாக்கெட் இழப்பைச் சரியாகக் கணிக்க முடியவில்லை. கட்டடங்களில் பட்டுத் திரும்பும் எதிரொலிகள் மீதே ஆய்வாளர்களின் சந்தேகம் விழுந்தது.

இதே நகரை என்எஸ்-3 என்ற வலையமைப்பு சிமுலேட்டரில் இயல்புநிலை அமைப்போடு ஓட்டிப் பாருங்கள். முதல் மீட்டரில் 46.68 டெசிபல் சிக்னல் இழப்பு, அதன்பின் தூரச் சுட்டெண் 3, அதாவது தூரம் பத்து மடங்காகும்போதெல்லாம் இன்னும் 30 டெசிபல். அப்படியானால் 100 மீட்டரில் 106.68 டெசிபல், எந்தத் திசையானாலும், நடுவில் சுவர் இருந்தாலும் இல்லாவிட்டாலும் அதே எண். எல்லா பாக்கெட்டும் சேரும் இடத்துக்கும் எதுவுமே சேராத இடத்துக்கும் நடுவே சில டெசிபல்தான் இருக்கும். சராசரி வேகத்தை மட்டும் ஒப்பிட்டால் இந்தக் கோளாறு தெரியாமலே போகலாம். இணைப்புவாரியாகப் பாக்கெட் இழப்பின் பரவலை வரைந்தால் உடனே பல்லிளித்துவிடும்.

சிக்னல் இழப்பைத் தற்செயலாக மாற்றும் மாதிரியைச் சேர்த்தால் போதுமே என்பார்கள். என்எஸ்-3-இல் அந்த இழப்பு எண் ஒவ்வொரு பாக்கெட்டுக்கும் புதிதாக உருளும். நிஜத்தில் ஒரு கட்டடத்தின் நிழலில் சிக்கிய இணைப்பு நாள்முழுக்க அதே நிழலில்தான் கிடக்கும். பரவல் பொருந்தினாலும் எந்த வழியைத் தேர்வது என்ற முடிவு பிசகிவிடும்.

ஆகவே சோதிப்பது வழித்தேர்வு நெறிமுறை (பாக்கெட் எந்த வழியாகப் போக வேண்டும் என்று முடிவு செய்யும் விதிகள்) என்றால் என் ஓட்டு கூரைக்கு. ஒரே அலைவரிசைக்குப் பலர் போட்டியிடும் நேரக்கணக்கைச் சோதிக்க ஆர்பிட்டே மேல். அங்கு கட்டுப்பாடுதான் முக்கியம், யதார்த்தம் அவ்வளவாக வேண்டியதில்லை. கூரைக்கும் ஒரு குறை உண்டு: பதிவான தடத்தை (எந்தப் பாக்கெட் எப்போது சேர்ந்தது என்ற குறிப்பை) மறுபடி ஓட்டலாமே தவிர, உங்கள் நெறிமுறை வேறு நேரத்தில் பாக்கெட் அனுப்பியிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று அதைக் கேட்க முடியாது.

எதைத் தேர்ந்தாலும், வைஃபை அட்டை காட்டும் சிக்னல் எண்ணை அப்படியே டெசிபலாக எடுத்துக்கொள்ளாதீர்கள். 802.11 தரம் அதற்கு அளவுகோல் எதையும் விதிக்கவில்லை. தயாரிப்பாளருக்குத் தயாரிப்பாளர் அது மாறும். சேர்ந்த பாக்கெட்டுகளின் விகிதத்தை ஒப்பிடுவதே பாதுகாப்பு.