ஒரே கட்டம், நான்கு பருமன் நூல்: என் மொசைக் கவ்ல்கள்

திருநெல்வேலி வெயிலில் கழுத்துக்குக் கவ்ல் (தலைவழியே மாட்டும் பின்னல் வளையம்) எதற்கு என்று கேட்பவர்கள், மார்கழியில் ஒருமுறை மாஞ்சோலை மலைக்கு ஏறிப் பார்க்கட்டும். அந்த மலையிலுள்ள நாலுமுக்கில் வெகுகாலம் இருந்த என் பெரியம்மாவுக்காகத்தான் இந்த மொசைக் கவ்லைப் பின்னத் தொடங்கினேன். அதன்பின் அதே கட்டத்தை, அதாவது திரும்பத் திரும்ப வரும் கோலத்தை, நான்கு பருமன் நூல்களில் பின்னிவிட்டேன். எல்லாம் சில ஆண்டுகளாகப் புழக்கத்தில் இருக்கின்றன.

மொசைக் பின்னலில் ஒரு நேரத்தில் ஒரு நிறம்தான் ஊசியில் ஓடும். கட்டத்தாளில் ஒரு வரி என்றால் ஊசியில் இரண்டு சுற்று. மற்ற நிறம் தெரிய வேண்டிய இடத்தில் கண்ணியை (ஊசியில் நிற்கும் நூல் வளையத்தை) பின்னாமல் வலது ஊசிக்கு மாற்றிவிடுகிறோம். நூல் உள்பக்கமாகக் கடந்துபோகிறது. இப்படி மாற்றிய கண்ணிகள் துணியை இழுத்துப் பிடிப்பதால், சாதாரணப் பின்னலைவிட மொசைக் அடர்த்தியாக வரும். நூல்கண்டின் தாளில் அச்சிட்ட அளவை இதற்கு நம்பவே கூடாது. மாதிரித் துண்டை அதே கட்டத்தில், வட்டமாகவே பின்னி, நனைத்துக் காயவைத்து அளக்க வேண்டும்.

என் கட்டம் 12 கண்ணி அகலம். நடுத்தரப் பருமனான டி.கே. நூலில், 4 மி.மீ. ஊசியில், 10 செ.மீ.க்கு 22 கண்ணி வந்தது. 60 செ.மீ. சுற்றளவுக்கு 132 கண்ணி, அதாவது 11 கட்டம். அதைவிடச் சற்றுத் தடித்த வொர்ஸ்டடில் 18 கண்ணி என்பதால் 108, ஒன்பது கட்டம். மெல்லிய ஃபிங்கரிங்கில் 30 கண்ணி. 180 போட்டால் 15 கட்டம். கணக்கு கட்டத்தின் மடங்கில் சரியாக விழாவிட்டால் சுற்றளவை ஓரிரு செ.மீ. விட்டுக்கொடுங்கள், கட்டத்தை வெட்டாதீர்கள். வெட்டினால் சுற்று சேரும் இடத்தில் கோலம் முறிந்து நிற்கும்.

உயரத்தைத்தான் பலர் மறந்துவிடுகிறார்கள். டி.கே.யில் கட்டத்தை மேலே நான்கு முறை அடுக்கினேன். வொர்ஸ்டடில் மூன்றே போதும். ஃபிங்கரிங்குக்கு ஐந்து வேண்டும். நூலையும் கிராமில் பார்க்காமல் மீட்டரில் பாருங்கள். ஃபிங்கரிங் 100 கிராம் ஏறத்தாழ 400 மீட்டர் ஓடும், டி.கே. அதில் பாதியைச் சற்றே தாண்டும்.

பத்தமடைப் பாயில் கோரை நைசாக ஆக ஆகக் கோலம் எப்படிச் சிறுத்து நுணுகுகிறதோ, அப்படித்தான் ஃபிங்கரிங்கில் இந்தக் கட்டமும் 4 செ.மீ.க்கு ஒடுங்குகிறது. ஆகவே நிறங்கள் எதிரெதிராக இருந்தே ஆக வேண்டும். இரண்டு கண்டுகளையும் அருகருகே வைத்துக் கறுப்பு வெள்ளையில் படம் எடுத்துப் பாருங்கள். இரண்டும் ஒரே சாம்பலாகத் தெரிந்தால் அந்த ஜோடி வேண்டாம்.

எனக்கு மிகவும் பிடித்தது பருத்தி ஃபிங்கரிங்கில் பின்னியதுதான். பெங்களூரில் இருக்கும் மகள் அதைக் குளிர்சாதன பஸ்ஸிலும் அலுவலகத்திலும் கழற்றுவதே இல்லை. பருத்திக்குக் கம்பளிபோல் சுருங்கி மீளும் குணம் கிடையாது. போடப் போடத் தொய்யும். அதனால் ஒரு கட்டம் குறைத்து 168 கண்ணியில் போட்டேன். புதிதில் சற்று இறுக்கமாக இருந்தது, இப்போது கச்சிதமாக உட்கார்ந்திருக்கிறது. பெரியம்மாவின் வொர்ஸ்டட் கம்பளி உருமாறவே இல்லை; ஆனால் தாடை உரசும் இடத்தில் மட்டும் பஞ்சு திரள்கிறது.

தடித்த சங்கி நூலில் 84 கண்ணி, ஏழு கட்டம். கணக்கு அழகாகத்தான் வருகிறது, அணிந்தால் சுகமில்லை. இந்தக் கட்டத்தில் சில இடங்களில் மூன்று கண்ணிகளை அடுத்தடுத்து மாற்ற வேண்டும். ஃபிங்கரிங்கில் உள்ளே கடக்கும் நூல் 1 செ.மீ.தான், சங்கியில் அது 2 செ.மீ.யைத் தாண்டுகிறது. தலைவழியே மாட்டும்போதெல்லாம் கம்மல் அதில் கொக்கிபோடுகிறது. துணியும் விறைப்பு, ஊசியை ஒரு அளவு கூட்டினால் விறைப்பு குறைகிறது, உள்நூல் இன்னும் நீள்கிறது. சங்கியில்தான் வேண்டும் என்பவர்கள், ஒரு கண்ணிக்கு மேல் சேர்த்து மாற்றாத வேறு கட்டத்தை எடுத்துக்கொள்ளுங்கள்.